எழுதத் தெரிந்த மகனும் வாசிக்காத அம்மாவும்

கேட்டவர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கும் இளைஞர். வீட்டில் முதல் பட்டதாரி. அவர் கேட்டதன் சாரம் இது: "தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ படித்து முடித்தேன். அதற்குப் பிறகு அம்மாவையும் மகனையும் இவ்வளவு துணிச்சலாக எழுதியவர்கள் உண்டா? வெளிநாடுகளில் இன்று இதை எப்படி எழுதுகிறார்கள்? எல்லாம் கடைசியில், மகனுக்குத் தாய்மேல் மறைவான ஆசை என்று உளவியலாளர் ஃப்ராய்டு சொன்ன இடத்தில்தான் போய் நிற்குமா? நானும் என் அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஃப்ராய்டை அனுப்பி வைத்துவிடலாம்.

அம்மா–மகன் என்றதும் இலக்கிய வகுப்புகளில் எடுத்து நீட்டுவது டி. எச். லாரன்ஸின் ‘சன்ஸ் அண்ட் லவர்ஸ்’. 1913இல் வந்த நாவல். கணவனிடம் கிடைக்காத அன்பையெல்லாம் மகன்மேல் கொட்டும் தாய், அதனால் எந்தப் பெண்ணையும் முழுதாக நேசிக்க முடியாமல் போகும் மகன் என்று நூறு வருடமாக இதற்கு ஒரே உரைதான். நானும் கல்லூரியில் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். பிறகு நாற்பது வயதுக்கு மேல் ஒருமுறை எடுத்துப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அந்தத் தாய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மனைவி. அவளுக்கு இருக்கும் ஒரே வைராக்கியம், தன் பிள்ளைகளில் ஒருவனும் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்பது. படிக்க வேண்டும், எழுத்தர் வேலைக்குப் போக வேண்டும், கை கறுக்கக்கூடாது. மகன் அவள் சொன்னபடியே மேலே ஏறுகிறான். ஏறியவன் அவளால் வர முடியாத இடத்துக்குப் போய்விடுகிறான்.

லாரன்ஸின் சொந்த வாழ்க்கையிலும் இதே கதைதான். 1910 டிசம்பரில் அவர் அம்மா புற்றுநோயால் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு, தன் முதல் நாவலின் முன்பிரதி ஒன்றை வரவழைத்து, படுக்கையில் இருந்த அம்மாவின் கையில் லாரன்ஸ் கொடுத்தார். அட்டையைப் பார்த்தார், முதல் பக்கத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். மகன் படித்து மேலே வர வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர் அவன் எழுதிய புத்தகத்தைப் படிக்கவில்லை.

இன்று எழுதப்படும் அம்மா–மகன் இலக்கியத்தில் எனக்கு முக்கியமாகப் படும் அத்தனையும் இந்தக் கட்டிலைச் சுற்றித்தான் நடக்கிறது. மகனைப் படிக்க வைத்தது அம்மா. அந்தப் படிப்பே இருவருக்கும் நடுவில் ஆறாக ஓடுகிறது. மகன் அக்கரையில் நின்றுகொண்டு எழுதுகிறான். இங்கே ஆசையைவிடக் குற்றவுணர்ச்சி பெரிது. அந்தக் குற்றவுணர்ச்சிக்கு வேர் சாதியிலும் வர்க்கத்திலும் மொழியிலும் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு ‘அம்மா வந்தாளை’ திரும்பப் பாருங்கள். 1966இல் வந்த நாவல். அம்மா அலங்காரத்தம்மாளின் கள்ள உறவைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். ஆனால் கதையின் அச்சாணி வேறு இடத்தில் இருக்கிறது. அவள் மகன் அப்புவைக் காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்புகிறாள். பிள்ளை வேதம் படித்து ரிஷியைப் போல நின்றால் அவன் காலில் விழுந்து தன் பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதாவது மகனின் கல்வி அம்மாவின் தேவைக்காக நடந்திருக்கிறது. அந்த மகன் இந்து என்ற இளம் விதவையோடு இருப்பதைக் கடைசியில் அவள் பார்க்கிறாள். நீயும் அம்மா பிள்ளைதான் என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காசிக்கு ரயில் ஏறுகிறாள். அதில் ஏமாற்றம் இருக்கிறது. பிள்ளை தன் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறான் என்ற ஆறுதலும் கொஞ்சம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். இதை வகுப்பில் சொன்னால் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

அதற்குப் பிறகு தமிழில் என்ன என்று கேட்டீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’. ‘அறம்’ தொகுப்பில், 2011இல் வந்த கதை. குறுநாவல் என்றும் சொல்லலாம். தமிழில் கடந்த இருபது ஆண்டுகளில் அம்மா–மகனைப் பற்றி இதைவிடக் கடுமையான ஒன்றை நான் படித்ததில்லை.

கதைசொல்லி ஐஏஎஸ் அதிகாரி. நாயாடிச் சாதியில் பிறந்தவர். பகலில் கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட, குடிசைகூட இல்லாமல் அலைந்து திரிந்த மக்கள் அவர்கள். சிறுவனாக இருந்தபோது நாராயண குருவின் வழிவந்த துறவி ஒருவர் எடுத்து வளர்த்துப் படிக்க வைக்கிறார். அம்மாவோ தெருவில் பிச்சையெடுத்து, குப்பையில் கிடைத்ததைத் தின்று அலைகிறாள். அதிகாரியான பிறகு மகன் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். வீட்டுக்குக் கூட்டி வருகிறான். நாமெல்லாம் எதிர்பார்ப்பது என்ன? கண்ணீர், கட்டிப்பிடித்தல், பட்டுப்புடவை. அந்த வீட்டில் அவளால் இருக்கவே முடிவதில்லை. கட்டிய துணியை அவிழ்த்து எறிகிறாள். கிடைத்த இடத்தில் மலம் கழிக்கிறாள். மருமகளோடு சண்டை போடுகிறாள். மகனைப் பார்த்து அவள் திரும்பத் திரும்பக் கெஞ்சுவது ஒன்றுதான்: அந்தக் கால்சட்டையைக் கழற்றிப் போட்டுவிடு, தம்புரான்கள் உட்காரும் நாற்காலியில் உட்காராதே, உன்னைக் கொன்றுவிடுவார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் கெஞ்சலில் அறியாமை இருக்கிறது என்று நினைத்தால் கதை கைவிட்டுப் போய்விடும். அவள் சொல்வது உண்மை. அந்த அதிகாரி அலுவலகத்தில் ஒவ்வொரு நாளும் கொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கீழே வேலை பார்ப்பவர்கள் அவனை மதிப்பதில்லை, மேலே இருப்பவர்கள் அவனைத் தள்ளி வைக்கிறார்கள், மனைவிகூட அந்தப் பதவியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். நாற்காலி என்ன செய்யும் என்பது எழுத்தறியாத அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை தேர்வு எழுதிய மகனுக்குத் தெரிய இவ்வளவு காலம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் பிச்சைக்காரர்களோடு பிச்சைக்காரியாக அவள் சாகக் கிடக்கும்போதும் அதே வேண்டுதல்தான். கதை முடியும்போது அவன் தனக்கு ஒரு நாற்காலி போதாது, இன்னும் நூறு வேண்டும் என்று நினைக்கிறான். அம்மா கழற்றச் சொன்னதை நூறு மடங்காக உடுத்திக்கொள்வதுதான் அவளுக்கு அவன் செய்யக்கூடிய கடன். பக்தியாலும் இல்லை, பாசத்தாலும் இல்லை. அந்த முடிவு சரியா தவறா என்று எனக்கும் ஒரு நண்பருக்கும் பல வருடமாக வாக்குவாதம் ஓடுகிறது.

தமிழில் இன்னொன்றும் படியுங்கள், அது எதிர்த்திசை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’. 2013இல் வந்தது, ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேசப் புக்கர் நெடும்பட்டியல்வரை போனது. வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு குமரேசன் ஊருக்கு வருகிறான். அவன் அம்மா மாராயி இளம்வயதில் தாலியறுத்தவள், தனியாளாகப் பாறைக்காட்டில் கிடந்து மகனை வளர்த்தவள். அவள் மருமகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒப்பாரி வைக்கிறாள். உயிரோடு இருக்கும் மகனுக்காக நாள் முழுக்க ஒப்பாரி! இதே எழுத்தாளர் தன் அம்மாவைப் பற்றி எழுதிய கட்டுரைகள் ‘தோன்றாத் துணை’ என்ற நூலாக வந்திருக்கின்றன. ஆடு, வெள்ளாமை, சோறு, சிக்கனம் என்று பாடுபட்ட ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றிய நெகிழ்ச்சியான புத்தகம். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு நடுக்கம் வருகிறது. தனியே நின்று பிள்ளையை ஆளாக்கும் அந்த உரம் ஓரிடத்தில் துணை, இன்னோரிடத்தில் தீ. மண் ஒன்றுதான்.

இனி வெளியே போகலாம். ஓஷன் வுவாங் வியட்நாமில் 1988இல் பிறந்து, இரண்டு வயதில் அகதியாக அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துக்கு வந்தவர். அம்மா நகப்பூச்சுக் கடையில் வேலை பார்த்தவர். 2019இல் வந்த அவருடைய முதல் நாவல் ‘ஆன் எர்த் வீ ஆர் ப்ரீஃப்லி கார்ஜியஸ்’ முழுக்கவும் அம்மாவுக்கு மகன் எழுதும் கடிதம். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்து வயதில் அமெரிக்க விமானங்கள் போட்ட நேப்பாம் குண்டில் அவளுடைய பள்ளிக்கூடம் எரிந்துபோனது. அதோடு படிப்பும் நின்றது. எந்த நாட்டின் குண்டு அம்மாவை எழுத்துக்கு வெளியே நிறுத்தியதோ அந்த நாட்டின் மொழியிலேயே மகன் கடிதம் எழுதுகிறான். படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எல்லாவற்றையும் எழுதுகிறான்: சிறுவயதில் அவள் தன்னை அடித்தது, தனக்கும் இன்னொரு பையனுக்கும் இருந்த காதல், அவனுடைய சாவு.

அதில் ஒரு காட்சி. மகன் சின்னப் பையன். அம்மாவும் பாட்டியும் அவனும் மாட்டுவால் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஊர்ப்பக்கத்துச் சூப் வைக்க வேண்டும். கறி வெட்டுகிறவனிடம் மாட்டுவாலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இடுப்புக்குப் பின்னால் விரலை வைத்து வால் போல ஆட்டிக் காட்டுகிறாள். மாடு போலக் கத்தியும் காட்டுகிறாள். கடைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பையனுக்கும் அந்தச் சொல் தெரியாது. கடைசியில் ரொட்டியும் மயோனைஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அன்றைக்கு அந்தப் பையன் முடிவு செய்கிறான், இனி அம்மாவுக்கு வேண்டிய நேரத்தில் தன்னிடம் சொல் இல்லாமல் போகக்கூடாது என்று. பிறகு கடை, பள்ளிக்கூடம், தொலைபேசி எல்லாவற்றிலும் அவன்தான் குடும்பத்தின் வாய். எழுத்தாளன் பிறந்தது அந்தக் கறிக்கடையில் என்றுதான் நான் வைத்துக்கொள்கிறேன். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் அம்மாவுக்குப் பதில் படிவம் நிரப்பிக் கொடுத்த பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்களுக்கும் தேவையிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொரு இடம். அம்மா வேலை பார்க்கும் நகப்பூச்சுக் கடைக்கு ஒரு மூதாட்டி வருகிறாள், ஒரு காலில்லை. இருக்கும் காலைக் கழுவிப் பிடித்துவிட்ட பிறகு, இல்லாத காலையும் பிடித்துவிட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். அம்மா ஒன்றும் கேட்காமல் வெறுங்காற்றைப் பிடித்துவிடத் தொடங்குகிறாள்; கெண்டைக்கால், கணுக்கால், பாதம் என்று வரிசையாக. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். இல்லாத ஒன்றைக் கையால் தொட்டு இருக்கச் செய்வது என்ன வேலை என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாவல் வெளிவந்த சில மாதங்களில் வுவாங்கின் அம்மா புற்றுநோயால் இறந்தார். 2022இல் வந்த கவிதைத் தொகுப்பில் அம்மாவைப் பற்றிய ஒரு கவிதை இருக்கிறது. அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. நகப்பூச்சுக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் அமேசானில் மாதவாரியாக வாங்கிய பொருட்களின் பட்டியல் மட்டும்தான். வலி மாத்திரை, நகப்பூச்சு, தலைமுடி கொட்டிய பிறகு கட்டிக்கொள்ளும் துணி, இப்படி. எழுதத் தெரியாத பெண்ணுக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது என்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

பிரெஞ்சுக்காரர் எதுவார் லூயி கதை வேறு மாதிரி, கொஞ்சம் எரிச்சலூட்டும் மாதிரி. வடபிரான்ஸில் ஏழைத் தொழிலாளர் கிராமம். 2014இல் தன் இளமைப்பருவத்தை எழுதி ஒரே இரவில் புகழ்பெற்றார். குடும்பத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட புத்தகம் அது. அம்மாவுக்குக் கடும் கோபம். ஏழு ஆண்டு கழித்து அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். அம்மா இருபது வயதில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம் கையில் கிடைப்பதில் அது தொடங்குகிறது. படத்தில் இருக்கும் பெண் சந்தோஷமாக இருக்கிறாள். இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லையே, இவள் எப்போது காணாமல் போனாள் என்பதுதான் நூலின் கேள்வி. நகரத்துப் பள்ளியில் கற்றுக்கொண்ட சொற்களை வீட்டுக்கு வந்து அம்மாமேல் எப்படிக் கல்லாக எறிந்தார் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் அவரை மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது. நாமும் எறிந்திருக்கிறோம். ‘உனக்கு ஒன்றும் தெரியாதும்மா’ என்பது முதல் பட்டதாரிகள் எல்லோரும் வைத்திருக்கும் கல். அந்த அம்மா கணவனை விட்டுவிட்டுப் பாரிஸுக்குப் போய் வேறு வாழ்க்கை தொடங்கியதும் அதே நூலில் வருகிறது. முதல் புத்தகத்தில் அசையாமல் கிடந்த பெண் இரண்டாவதில் எழுந்து நடக்கிறாள். மகனின் கோபம் தணிந்ததால் அவள் எழுந்தாளா, அவள் எழுந்ததால் கோபம் தணிந்ததா என்பதை அவர் சொல்லவில்லை.

டக்ளஸ் ஸ்டூவர்ட் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் நாவல் ‘ஷகி பெய்ன்’ 2020இல் புக்கர் வாங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய நாவல் அது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, 1980கள், தாட்சர் ஆட்சி, சுரங்கங்கள் மூடப்பட்டு ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் காலம். குடிக்கு அடிமையான அம்மா ஆக்னஸ், அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பும் கடைக்குட்டி ஷகி. ஸ்டூவர்ட்டின் அம்மா குடியால் இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. நாவல் அவருக்குத்தான் காணிக்கை.

குடிகார அப்பாக்கள் நம் கதைகளில் நிறைய. குடிகார அம்மா என்றதும் நாம் ஒரு தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். இந்த நாவல் அந்தத் தீர்ப்பை மெல்லப் பிடுங்கிக்கொள்கிறது. ஆக்னஸ் எவ்வளவு குடித்தாலும் காலையில் தலைவாரி, உதட்டுச்சாயம் பூசி, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் இறங்குவாள். எலிசபெத் டெய்லர் போல இருக்கிறாள் என்று பெயர். நன்றாக இருந்த பற்களைப் பிடுங்கிவிட்டு, அழகான வரிசை வேண்டும் என்று பொய்ப்பல் கட்டிக்கொண்டவள். வாரா வாரம் வரும் அரசு உதவித்தொகை பீருக்குப் போய்விடும். பையன் பள்ளியிலிருந்து வந்தால் கதவைத் திறக்கும்போதே வீட்டின் சத்தத்தை வைத்து இன்றைக்கு எத்தனை டப்பா என்று கணக்கிட்டுவிடுவான். சிறுவயதில், குடியிலிருந்து அம்மாவின் கவனத்தைத் திருப்ப ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்து, ‘உன் வாழ்க்கைக் கதையைச் சொல், நான் எழுதிக்கொள்கிறேன்’ என்று தான் கேட்டதை ஸ்டூவர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லச் சொல்லப் பையன் எழுதுவான். காணிக்கை வாசகத்தைத் தாண்டி அந்தப் புத்தகம் நகர்ந்ததில்லை. முப்பது வருடம் கழித்து வந்ததுதான் மீதிப் பக்கங்கள்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் ஒரு விதிவிலக்கு வேண்டும், இல்லாவிட்டால் நானே என் கருத்தில் மயங்கிவிடுவேன். ஜெர்ரி பின்டோவின் ‘எம் அண்ட் த பிக் ஹூம்’. 2012இல் வந்தது; 2016இல் ஆங்கிலத்துக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மும்பை மாஹிமில் ஒற்றைப் படுக்கையறை வீடு, நான்கு பேர் கொண்ட கோவா வழிக் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா மனநோயாளி. உற்சாகம் ஏறினால் நிற்காத பேச்சு. இறங்கினால் தற்கொலை முயற்சி. இங்கே அம்மாவிடம்தான் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. பீடி பிடித்துக்கொண்டே, தேநீர் குடித்துக்கொண்டே, பிள்ளைகளிடம் பேசக்கூடாததையெல்லாம் பேசுகிறாள். கடிதமும் குறிப்பும் எழுதிக் குவிக்கிறாள். எழுதத் தெரியாத அம்மாவுக்காக மகன் எழுதுவது இங்கே நடக்கவில்லை. அம்மா எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள மகன் திணறுகிறான். நோய் எப்போது தொடங்கியது என்று அவன் கேட்கும்போது அவள் மறைக்காமல் சொல்கிறாள்: நீ பிறந்த பிறகு யாரோ குழாயைத் திறந்துவிட்டது போல இருந்தது, முதலில் சொட்டுச் சொட்டாக, கறுப்பாக. நம் மொழியில் எந்த அம்மா இதைச் சொல்லி அச்சில் பார்த்திருக்கிறோம்? தாய் என்ற சொல்லையே முகம் சுளித்து இழுத்து உச்சரிப்பாள் அந்த அம்மா. இதே நோய் தனக்கும் வந்துவிடுமோ என்ற பயம் மகனுக்கு. அந்தப் பயத்தோடேதான் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘நூறு நாற்காலிகள்’ உங்களைத் தூங்கவிடாது; இது தூங்கவும் விடாது, சிரிக்கவும் வைக்கும்.

அம்மாவின் பக்கம் நின்று எழுதியவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். மகாஸ்வேதா தேவி 1974இல் வங்காளத்தில் எழுதிய ‘1084இன் அம்மா’ இந்த வகைக்கு மூத்தது. நக்சல்பாரி காலத்துக் கல்கத்தா. வங்கியில் வேலை பார்க்கும் சுஜாதாவின் மகன் பிணவறையில் 1084ஆம் எண் சடலமாகிவிட்டான். அவன் யார், யாரோடு பழகினான், எதற்காகச் செத்தான் என்று அம்மா ஒரே நாளில் தேடி நடக்கிறாள். மேலே சொன்னவர்களெல்லாம் அம்மாவைத் தேடிய மகன்கள். இவள் மகனைத் தேடும் அம்மா; தேடி முடிக்கும்போது தன் வீட்டைத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அயர்லாந்துக்காரர் கோல்ம் டொய்பின் 2012இல் ‘டெஸ்டமென்ட் ஆஃப் மேரி’ என்று ஒரு சிறுநாவல் எழுதினார். ஏசுவின் தாய் பேசுகிறாள். சுவிசேஷம் எழுத வந்தவர்கள், தங்களுக்கு வேண்டியதைச் சொல்லச் சொல்லி அவளை நச்சரிக்கிறார்கள். அவள் தான் பார்த்ததை மட்டும் சொல்கிறாள். உலகத்தை மீட்கத்தான் அவன் இறந்தான் என்கிறார்கள். அதற்கு அது ஈடில்லை என்கிறாள் அவள். உலகத்தில் மிக அதிகமாக எழுதப்பட்ட அம்மா, தன்னைப் பற்றி எழுதப்படுவதை எதிர்க்கிறாள் என்ற யோசனையே எனக்குப் போதும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அம்மாவை எழுதும் மகள்களைப் படித்துவிட்டு மகன்கள் பக்கம் வந்தால், மகன்கள் கொஞ்சம் அதிகமாகவே உருகுகிறார்கள் என்பது தெரியும். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு பாசமான அம்மா, வயதுக்கு வந்த மகளிடம் அவள் சொல்வது எவ்வளவு சின்னச் சொல், எவ்வளவு பெரிய வெட்டு! நாளைக்கு நானும் இவளாகிவிடலாம் என்று மகள் பயந்து எழுதுகிறாள். அதனால் அவள் கண் தப்பாது. விட்டுவிட்டு வந்தவன் கண்ணீரோடு திரும்பிப் பார்த்து எழுதுகிறான். அம்மாவின் சமையல், அம்மாவின் சேலை, அம்மாவின் கை என்று உறுப்பு உறுப்பாக, பொருள் பொருளாகப் பிரித்து மாலை கட்டும் பழக்கம் நமக்கு நிறைய. அம்மாவுக்கு எது பிடிக்காது, யாரைக் கண்டால் ஆகாது, காசை எங்கே ஒளித்து வைத்தாள், அப்பாவைத் தவிர யாரையாவது பிடித்திருந்ததா என்று கேட்டால் மகன்கள் விழிக்கிறார்கள். ஜானகிராமன் கேட்டார். அதனால்தான் அறுபது வருடமாகியும் அந்த நாவலுக்கு வயதாகவில்லை.

சரி, உங்கள் கடைசி வாக்கியம். எழுத ஆரம்பித்திருக்கிறேன் என்றீர்கள். அம்மா இருக்கிறாரா, அவருக்குத் தெரியுமா என்று சொல்லவில்லை. இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்தைந்து வருடம் முன்பு ஒரு சிற்றிதழில் என் கட்டுரை ஒன்று வந்தது. அம்மாவைப் பற்றியது. விருதுநகர் பக்கம் தீப்பெட்டி ஆலைக்கு அம்மா விடிகாலையில் கிளம்பிப் போவது, கையில் அலுமினியத் தூக்குச்சட்டி, அதில் பழையசோறு, நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்ப்பது என்று எழுதியிருந்தேன். நல்ல கண்ணீர்க் கட்டுரை. இரண்டு பேர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டார்கள். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. லீவுக்கு ஊருக்குப் போனபோது நானே உட்கார்ந்து முழுதும் வாசித்துக் காட்டினேன். அவர் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அழப்போகிறார் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"தூக்குச்சட்டி பித்தளை. அலுமினியம் உன் சின்னம்மாவுடையது," என்றார். பிறகு சுளகைத் தட்டிவிட்டு, "நீ முழித்திருந்தது எனக்குத் தெரியும்," என்றார்.

அந்தக் கட்டுரையைத் தொகுப்பில் சேர்த்தபோது சட்டியை மாற்றினேன். இரண்டாவது வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டுரையை மூன்று தடவை திருப்பி எழுதிப் பார்த்தேன். கடைசியில் தொகுப்பிலிருந்தே எடுத்துவிட்டேன்.